மந்திரவாதியின் உயிர் இருந்த இடம்

விடிந்துவிட்டது. மந்திரவாதி இன்னும் சாகவில்லை.

பண்டசோழநல்லூர் கோயில் திடலில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளை எல்லாம் அணைத்தாகிவிட்டது. மேடையில் மாவீரன் ஜிகினாத் தாள் ஒட்டிய மரக் கத்தியை ஓங்கியது ஓங்கியபடி நின்றான்.

நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது. தன் உயிரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று மந்திரவாதி பாடி முடித்த பிறகுதான் வீரன் கத்தியை இறக்கலாம். இந்தக் கூத்துக்கு அதுதான் வழக்கம். ஏழு கடல் தாண்டி ஒரு குகை, குகைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு வண்டு, வண்டுக்குள் உயிர். வருஷா வருஷம் நாலே அடியில் முடிகிற பாட்டு.

இந்த வருஷம் மந்திரவாதி வேஷம் கட்டிய சுப்புராயன் வண்டைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தான்.

வண்டின் வயிற்றில் ஒரு கடுகு. கடுகுக்குள் ஒரு காடு. காட்டுக்குள் ஒரு கிழட்டு யானை. யானையின் காதுக்குள் ஒரு சூனியக்காரி. அவளுடைய கடைவாய்ப் பல்லில் ஒரு பொந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகம், ஒரு சுற்று ஆட்டம். சனம் தூக்கத்தை மறந்து கைதட்டியது.

சணல் தாடிக்குள் சுப்புராயனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவன் உயிர் கடுகிலும் இல்லை, கடைவாய்ப் பல்லிலும் இல்லை. ஊருக்கு மேற்கே முக்கால் காணி நெல்லாக மஞ்சள் பாரித்து நின்றது. இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் நாளைக்கு மாட்டை அவிழ்த்து உள்ளே விட்டுவிட வேண்டியதுதான்.

அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே மோட்டார் பலராமனுடையது. மாவீரன் வேஷமும் பலராமனுடையதுதான். மைக் செட் செலவை ஏற்றுக்கொண்டவர் வேறு எந்த வேஷம் கட்டுவார்? ஒத்திகையில் சுப்புராயன் வாய் சும்மா இருக்கவில்லை. கத்தியைக் கரண்டி மாதிரிப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த பலராமனின் மனைவி விஜயகுமாரிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளே சுப்புராயனுக்கு முறைத் தண்ணீர் நின்றது. மோட்டார் கொட்டகையில் திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்கியது.

அதனால்தான், இளவரசி கல்லாய்ச் சமைந்த கட்டத்தில் ஊரே வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, சுப்புராயனின் பெண்சாதி காசம்மாள் கடப்பாரையோடு நழுவினாள். பூட்டை உடைத்து மோட்டாரைப் போட வேண்டும். கடைசி வரப்பு நனைந்ததும் நிறுத்திவிட்டு வர வேண்டும். அதுவரைக்கும் கூத்து முடியக் கூடாது. முடிந்தால் பலராமன் வீட்டுக்குப் போவார். மோட்டார் கொட்டகை அவர் வீட்டுத் தோட்டத்திலேயே இருந்தது.

பலராமன் ஒரு தடவை பொறுமை இழந்து கத்தியை இறக்கியும் பார்த்தார். சுப்புராயன் ஒரு பிடி விபூதியை அள்ளி அவர் முகத்தில் ஊதி, கைக்கட்டு மந்திரம் போட்டுவிட்டான். மந்திரம் போட்டால் வீரன் அசையக் கூடாது. அசைந்தால் சனம் சும்மா விடுமா? பலராமன் கண்ணில் விழுந்த விபூதியைத் துடைக்கவும் வழியில்லாமல், நின்ற இடத்திலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"யோவ் சுப்பு, இன்னாய்யா இது? செத்துத் தொலையேன்!"

"இருங்க ஐயா, இன்னும் ஒரே ஒரு கடல் பாக்கி கீது."

ஆர்மோனியம் வாசித்த சூசைநாதன் பார்வையாலேயே சாபம் கொடுத்தார். சுப்புராயன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. யாரும் கேள்விப்படாத எட்டாவது கடலில் இறங்கினான்.

பாதிக் கடலில்தான் முன்வரிசை கண்ணில் பட்டது. விஜயகுமாரி உட்கார்ந்திருந்த பாய் காலியாகக் கிடந்தது.

எப்போது எழுந்து போனாள்? வீட்டுக்குப் போயிருந்தால் மோட்டார் ஓடுகிற சத்தம் காதில் விழாமலா இருக்கும்? தண்ணீர் போனது போகட்டும். உடைத்த பூட்டும் கையுமாகக் காசம்மாளைப் பிடித்து, ஆள்களைக் கூப்பிட்டு, அவளைத் தூணில் கட்டி வைத்துவிட்டால்? அவளை ஏன் அனுப்பினோம் என்று இருந்தது. பாட்டு தடுமாறியது. கடைவாய்ப் பல்லில் இருந்த உயிர் எந்தக் காரணமும் இல்லாமல் யானைக்கே திரும்பி வந்தது. சனம் அதற்கும் கைதட்டியது. பாழாய்ப் போன சனம்.

கூட்டத்தின் ஓரத்தில் யாரோ விலகி வழிவிட்டார்கள்.

காசம்மாள் வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. முகமெல்லாம் பல்.

சுப்புராயனுக்கு வேஷத்தை மறந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. பாய்ந்துவிட்டது! முக்கால் காணியும் பிழைத்துக்கொண்டது. நன்றாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டான்.

அவளுக்குப் பின்னால் விஜயகுமாரி வந்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அவள் காலிலும் முழங்கால் வரை சேறு.

ஒன்றும் நடக்காததுபோல முன்வரிசைக்கு வந்து தன் பாயில் உட்கார்ந்தாள். புடவையை இறக்கிவிட்டுக் காலை மறைத்தாள். இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த சாவிக்கொத்தை உள்ளே தள்ளிக்கொண்டாள். பிறகு மேடையை நிமிர்ந்து பார்த்து, இனி நீ சாகலாம் என்பதுபோல் மந்திரவாதிக்கு மெல்லத் தலையசைத்தாள்.