இன்ஸ்பெக்டர் உள்ளே இருக்கிறார்

“சார், உள்ள நல்லா இருக்கீங்களாங்க?”

ஜமால் சுத்தியலால் இரும்பில் இரண்டு தட்டு தட்டினான். இருக்கிறேன் என்று அர்த்தம்.

வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில், நீராவியைச் சேர்த்து வைக்கும் இரும்பு உருளைக்குள் அவன் படுத்திருந்தான். பட்டறையில் அதை வெசல் என்பார்கள். போகவும் வரவும் ஓர் ஆள் நுழைகிற வட்ட ஓட்டை ஒன்றுதான். ஓட்டைக்கு வெளியே ஒருத்தன் உட்கார்ந்து, உள்ளே இருப்பவனை அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் மணி அடிக்க வேண்டும். என்ன ஆனாலும் அவன் மட்டும் உள்ளே போகக் கூடாது. காற்று கெட்டிருந்தால் ஒரு பிணம் இரண்டாகிவிடும்.

வெளியே உட்கார்ந்திருந்தவன் வீரன்.

இதே பட்டறையில் இரண்டு பேரும் ஒன்றாக ஃபிட்டர் வேலை பார்த்தவர்கள். பிரஷர் வெசல் இன்ஸ்பெக்டர் பரீட்சைக்கு ஜமால் படித்தபோது, டீ நேரத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவன் வீரன். அவன் இங்கிலீஷைக் கொலை செய்த அழகில் ஒரு பதிலும் ஜமாலுக்கு மறக்கவில்லை. இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாம் தடவை பாஸ்.

அதோடு போயிற்று எல்லாம்.

பட்டறை வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஜென்மத்தில் கோட்டுப் போடாதவனுக்கு அதில் நீலக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். கழுத்து ஒரு பக்கம் பார்த்தது, கோட்டு ஒரு பக்கம் பார்த்தது. முதலாளி சால்வை போர்த்தி, “அழுத்தக் கலன்களின் காவலர்!” என்று மைக்கில் முழங்கினார். பாய்லர் வெடித்திருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

மேடையிலிருந்து இறங்கியவனிடம் வீரன் இரண்டு கையையும் கூப்பி, “வாழ்த்துக்களுங்க சார்” என்றான்.

விளையாடுகிறான் என்று நினைத்து ஜமால் சிரித்தான். வீரன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஜமால் எல்லோருக்கும் சார்தான். போகிற பட்டறையில் எல்லாம் ஏசி அறை, தனி நாற்காலி, தட்டு நிறைய முந்திரி. அவன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். இன்ஸ்பெக்டரோடு யாரும் டீ குடிப்பதில்லை. டீயை அனுப்பி வைப்பார்கள். வீட்டில் அவன் மனைவி சைதுன்னிசாகூட, போன் வந்தால், “சார் வெளிய போயிருக்காருங்க” என்று சொல்லப் பழகிவிட்டாள்.

இன்று காலை வீரனைப் பார்த்ததும் ஓடிப்போய், “எப்படிடா இருக்கே?” என்றான்.

“நல்லாருக்கறனுங்க சார்.”

சோதனை எப்போதோ முடிந்துவிட்டது. தட்டிப் பார்க்க இனி ஓர் அங்குலம் பாக்கியில்லை. ஜமால் வெளியே போகாமல் கிடந்தான். ஒரே ஒரு தடவை வீரன் வாயால் ‘டேய் ஜமாலு’ என்று கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

“சார், கேக்குதுங்களா?”

சுத்தியலை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். டார்ச்சையும் அணைத்தான்.

“சார்? ஏனுங்க சார்?”

வெளியே மணி அடித்தது. விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஜமாலுக்கு அந்த விதியின் மேல் முதல் முறையாக வெறுப்பு வந்தது.

அப்புறம் ஓட்டையில் தெரிந்த வெளிச்சம் அடைபட்டது. முழங்கால் இரும்பில் உரசிக்கொண்டு யாரோ வந்தார்கள்.

“டேய் ஜமாலு! டேய்! எந்திரிடா… கண்ணத் தொறடா எருமை!” இரண்டு கன்னத்திலும் அறை விழுந்தது. “என்னைய உட்டுப்போட்டுப் போயிறாதடா!”

இருட்டில் ஜமால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் நாலு அறை வாங்கலாம் போலிருந்தது. மூச்சு வருகிறதா என்று வீரனின் கை மூக்கைத் தடவி, வாய்க்கு இறங்கியது.

வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

கை அப்படியே நின்றது. பிறகு விலகியது. கக்கத்தில் கை கொடுத்து வீரன் அவனை வெளியே இழுத்து வந்தான்.

வெளியே பாதிப் பட்டறை கூடியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் சேஃப்டி ஆபீசர் தமிழ்செல்வன், வெள்ளை ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

“சார், காவலிருக்கற ஆளு உள்ள போனது மேஜர் வயலேசனுங்க. நீங்க ட்ரெய்னிங்ல சொல்லிக்குடுத்ததுதானுங்க. இப்படிப் போறவன அன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பிச்சுப்போடோணும்னு.”

வீரனின் பேண்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம் கசிந்தது.

“அவம் மேல தப்பில்லீங்க” என்றான் ஜமால். “எனக்கு மயக்கமெல்லாம் வரலீங்க. வேணும்னேதான் பதில் சொல்லாம படுத்திருந்தேன்.”

தமிழ்செல்வன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “பாத்துக்கோங்க எல்லாரும். ஒரு தொழிலாளியக் காப்பாத்தறதுக்குப் பழியத் தன் தலைல போட்டுக்கறாரு. பெரிய மனசுங்க சார் உங்களுக்கு.”

யாரோ கை தட்டினார்கள்.

“இல்லீங்க, நெசமாத்தானுங்க…”

கைதட்டல் கூடியது.

அத்தனை கூட்டத்தில் அது நிஜம் என்று தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன் ‘ஆமா’ என்றால் போதும். அவன் வேலை தப்பும், இன்ஸ்பெக்டரின் மானம் சந்தி சிரிக்கும். சிரிக்கட்டும் என்றுதான் ஜமால் அவன் முகத்தையே பார்த்தான்.

வீரன் ஹெல்மெட்டைக் கழற்றித் தமிழ்செல்வன் கையில் கொடுத்தான்.

“சாருக்கு இன்னும் தலை சுத்துதாட்டிருக்குதுங்க. என்னென்னமோ பேசறாரு. ஒரு எளநி வெட்டிக் குடுங்க.”

நொண்டிக்கொண்டே கேட்டைப் பார்த்து நடந்தான்.