ரெஜினாவின் பெயருக்கு உள்ளேன்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

சிறிய தவறுதான். அக்கா என்னைச் சேர்த்துவிட்டது மாடியில் நடக்கும் கணக்கர் வகுப்பில். நான் ஆறு மாலைகளாகக் கீழே, மோட்டார் பழுதுபார்க்கும் வகுப்பில், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் அறை தெரியாமல். மற்ற ஐந்து நாளும் எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. பட்டியலில் என் பெயர் இல்லாததால், வராத ரெஜினாவின் பெயருக்கு "உள்ளேன் சார்" சொல்லிவந்தேன். இன்று ரெஜினா வந்துவிட்டாள்.

"அப்ப ஆறு நாளா காயில் சுத்தினது யாரு, இவளோட ஆவியா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது.

"நான்தான் சார், அமுதவல்லி."

"சரிம்மா, மாடிக்குப் போறியா?"

எழுந்தேன். கையில் பாதி சுற்றிய காயில் இருந்தது. நாற்பத்தொன்றாவது சுற்று. கீழே வைக்க முடியவில்லை.

நாளை: காலையில் அக்காவிடம் சொல்ல வேண்டும். மாலை ஐந்தரைக்குக் கீழ்த்தளப் பதிவேட்டில் அமுதவல்லி என்று எழுதச் சொல்ல வேண்டும்.