மூலையும் தெரியும் படம்

பூனையிடம் வாலை விட்டுவிட்டுத் தப்பிவந்த பல்லி ஒன்று, வால் முளைக்கும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று அறையின் இருட்டு மூலையில் ஒண்டியிருந்தது. பக்கத்தில் ஓடாத கடிகாரம் ஒன்று தொங்கியது.

ஒரு நாள் காலையில், மூன்று கால் ஸ்டாண்டில் ஏறி ஒரு கேமரா வந்து நின்றது.

"அந்த மூலைக்கு ஒரு படம், அறைக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று எடுப்பேன். பிறகு மூன்றையும் ஒரே படமாகச் சேர்ப்பேன். வெளிச்சத்தையும் இருட்டையும் என் மனசில் இருக்கிற மாதிரியே காட்ட வேண்டும்" என்றது.

பல்லி மெல்லக் கேட்டது. "மூலைகூடத் தெரியுமா?"

"தூசிகூடத் தெரியும். முடிகிறவரை யாரும் அசையாதீர்கள்."

"அண்ணே, என்னை மறைத்துக்கொள்ளுங்கள்" என்று பல்லி கடிகாரத்திடம் கெஞ்சியது.

"நான் நாலு பத்தில் நின்று மூன்று வருஷமாகிறது. அதையே யாரும் கேட்கவில்லை. பேசாமல் ஒட்டிக்கொண்டிரு, தம்பி."

முதல் க்ளிக் கேட்டது. பல்லி பயந்து நடுச்சுவருக்கு ஓடியது. அடுத்ததும் கேட்டது. ஜன்னலோரம் ஓடியது. அங்கேயும் ஒரு க்ளிக்.

படங்கள் ஒன்றானபோது மூன்று இடத்திலும் பல்லி இருந்தது. அதை பிரேம் போட்டு அதே சுவரில் மாட்டினார்கள். வந்தவர்கள் யாரும் கடிகாரத்தில் மணி பார்க்கவில்லை. வாலில்லாத பல்லிகளை எண்ணிச் சிரித்தார்கள்.

பல நாள் கழித்துக் கடிகாரம் கேட்டது. "எங்கே இருக்கிறாய், தம்பி?"

"படத்துக்குப் பின்னால், அண்ணே. மெதுவாகப் பேசுங்கள்."

"இன்னுமா வால் முளைக்கவில்லை?"

"எனக்கு முளைத்துவிட்டது. படத்தில் முளைக்கவில்லையே."