வயிற்றின் மேல் ஓர் அட்டை

சன்னல் மூடிய அறையில் மங்கிய வெளிச்சம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கும் கர்ப்பிணி, வயிற்றின் மேல் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் அட்டையைக் கழற்றி, அதைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் நாத்தனாரிடம் நீட்டுகிறாள். போன மாதம் அட்டையோடு மேலங்கியை எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனாள். அட்டை அத்தனை கதிரையும் குடித்து, அளவு எகிறி, வீட்டில் எல்லோர் தூக்கத்தையும் கெடுத்தது. நாத்தனார் அட்டைக்குள் இருக்கும் வெள்ளை வில்லையைக் கருவியில் வைத்துச் சூடேற்றுகிறாள். வாங்கிய கதிருக்குத் தக்கபடி வில்லை ஒளிரும். கணினியில் கோடு ஒரு சின்ன மேடு ஏறிப் படுத்துவிடுகிறது.

"வீட்டுல சும்மா உக்காந்திருந்தாலும் இவ்வளவு வரும் அண்ணி."

"இத உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லு. மனுஷன் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி உக்காந்திருக்காரு."

நாத்தனார் சிரித்தபடி புது அட்டையை அண்ணியின் வயிற்றின் மேல் அதே இடத்தில் குத்துகிறாள். கை எடுத்ததும், அட்டை தானாக ஒரு துள்ளு துள்ளுகிறது.