ஒரு வரிசைக்கு ஒரு பெண்

அந்தப் புதியவனின் ஷூ மிகச் சுத்தமாக இருந்தது.

நியூயார்க்கை ஒட்டிய இந்தத் தீவில் மணலில் கால் வைக்காமல் யாரும் ஆட வர முடியாது. வாசலில் நின்று ஷூவைத் துடைத்துவிட்டு உள்ளே வருகிறவன் யார்?

ஞாயிறு மாலை டீ நடனம்; டீ குடிக்கவும் ஆடவும் கூடியிருந்தோம். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருந்தோம். ஒரு இசைத்தட்டு முடிவதற்குள் அடுத்தது சேர்ந்துகொள்ள, தாளம் அறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வரிசை வரிசையாக நின்று ஆடுவோம். எங்கள் வரிசையில் மற்ற எல்லோரும் ஆண்கள். நான் ஒருத்திதான் பெண். ஆணும் ஆணும் எதிரெதிரே நின்று ஆடினால் நியூயார்க் போலீஸுக்கு அது குற்றம். வரிசையில் ஒரு பெண் இருந்துவிட்டால், அத்தனை பேரும் அவளோடுதான் ஆடுகிறார்கள் என்று கணக்கு. ஓரத்தில் நின்றாலும் போதும், இலையில் ஊறுகாய் போல.

யாராவது தன்னை மறந்து இன்னொருவனை நோக்கித் திரும்பினால், மூலையில் ஏணிமேல் உட்கார்ந்திருக்கும் கஸ் அவன்மேல் டார்ச் அடிப்பான். வெளிச்சம் விழுந்ததும் பெண் பக்கம் திரும்பிவிட வேண்டும்.

புதியவன் நேராக வந்து லாயிடுக்குப் பக்கத்தில் புகுந்தான்.

லாயிட் என் சிநேகிதன். பள்ளிக்கூட வாத்தியார். போன மாதம் இப்படி ஆடிப் பிடிபட்டவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் போட்டார்கள். அதில் ஒரு வாத்தியாரும் இருந்தார். மறுநாளே அவருக்கு வேலை போனது.

லாயிட் புதியவனைப் பார்த்துச் சிரித்தான். அவனும் சிரித்தான்.

"டேய், அவன் போலீஸ்டா. ஷூவப் பாரு."

"நீ ஷூவப் பார்த்துக்கிட்டே இரு வெர்னா. நான் மூஞ்சியப் பார்த்துக்கிறேன்."

லாயிடின் தோள் மெல்ல அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது. நான் கஸ்ஸைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். டார்ச் வெளிச்சம் புதியவனின் பிடரியில் விழுந்தது.

பழக்கமில்லாத எவனும் எங்கிருந்து வெளிச்சம் என்று நிமிர்ந்து பார்ப்பான். இவன் பார்க்கவில்லை. அடி பிசகாமல் என் பக்கம் திரும்பினான். அது வேறெங்கோ, இதே போன்ற டார்ச்சுக்குக் கீழே, பல ஞாயிறுகள் ஆடிப் பழகிய கால்.

நம்ம ஆள்தான். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

சட்டைக்கு அடியில், முதுகுப் பக்கம், கைவிலங்கு இருந்தது.

கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவன் என் காதருகே குனிந்தான்.

"சிரிச்சுக்கிட்டே ஆடுங்க. வெளிய ரெண்டு பேர் நிக்கிறாங்க. பாட்ட நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் உக்காந்து டீ குடிக்கட்டும், சீக்கிரம்."

கஸ்ஸுக்குக் கை காட்டினேன். பாட்டு நின்றது. வெளியே நின்ற இருவரும் கதவை உதைத்துத் திறந்தபோது, ஆளாளுக்குக் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தோம். லாயிட் என் பக்கத்தில் இருந்தான். நான் அவன் முழங்காலை அழுத்திப் பிடித்தேன்.

"வெறும் டீதான்," என்றான் புதியவன், நடுவில் நின்றபடி, தன் சகாக்களிடம்.

அவர்களில் பருத்தவன் நம்பவில்லை. டார்ச்சை எடுத்து ஒவ்வொரு முகமாக அடித்துக்கொண்டே வந்தான். லாயிட் முகத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது. போகிற போக்கில் புதியவன்மேல் விழுந்தது.

அவன் கால் அவனைக் கேட்கவில்லை. அடி பிசகாமல் என் பக்கம் திரும்பிவிட்டது.

பாட்டே இல்லாத அறையில், அத்தனை பேருக்கும் முன்னால்.

பருத்தவன் வெளிச்சத்தை அங்கேயே வைத்திருந்தான். ஏணியை ஒருமுறை பார்த்தான். கஸ் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தான். அவன் புருவம் சுருங்கியது.

நான் எழுந்து போய் புதியவனின் கழுத்தில் கையைப் போட்டேன்.

"என்னய்யா, என்னோட ஒரு ஆட்டம் ஆடாமலே கிளம்பிடுவியா?" என்றேன், வாசல்வரை கேட்கும்படி.

பருத்தவன் சிரித்துவிட்டான். "இவனுக்குப் பொம்பளையக் கண்டா போதுமே," என்று டார்ச்சை அணைத்தான்.

என் கைக்கு அடியில் அவன் கழுத்து தொப்பலாக நனைந்திருந்தது.