நாற்பத்தோராவது புகார்

நாற்பத்தோராவது புகாரும் வந்து சேர்ந்தபோது அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கல்லெறி எந்திரத்தின் பலம் அதிகம். தயவுசெய்து குறைக்கவும். இப்படிக்கு, லிஃப்ட் மெக்கானிக்."

அதே ஆள், அதே வரி. ஐந்து மாதமாக.

அவள் வேலை பார்த்தது ஒரு வீடியோ கேம் கம்பெனியில். ராஜா காலத்துக் கோட்டை ஒன்றை ஒருவர் காக்க, இன்னொருவர் முற்றுகை போடுகிற விளையாட்டு. ஏணி எத்தனை பேரைத் தாங்கும், மதில் எத்தனை கல்லுக்கு இடியும், உள்ளே இருக்கும் தானியம் எத்தனை நாள் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் எண் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அவள் பொறுப்பு. அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்றே பேர்.

யாரிடமும் நல்ல பேர் வாங்க முடியாத வேலை. மதிலைக் கெட்டியாக்கினால் வெளியே நிற்பவன் திட்டுவான். ஏணியை நீட்டினால் உள்ளே இருப்பவன் திட்டுவான். ஆனால் கல்லெறி எந்திரத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. லட்சம் ஆட்டங்களை எடுத்து அலசியாயிற்று. அதைக் கொண்டுவந்தவர்கள் பாதி ஆட்டம் ஜெயிக்கிறார்கள், பாதி தோற்கிறார்கள். அடக்கவும் வழி இருக்கிறது. முதல் கல்லை வீச அதற்கு நாற்பது விநாடி ஆகும். அதற்குள் கோட்டைக் கதவைத் திறந்து குதிரைப்படையை அனுப்பிக் கொளுத்திவிடலாம்.

இதைப் பொறுமையாக நாலு தடவை அவருக்கு எழுதினாள். ஐந்தாம் தடவை பொறுமையில்லாமல் எழுதினாள். விளக்கத்துக்கு நன்றி, தயவுசெய்து குறைக்கவும் என்று பதில் வந்தது.

இப்படிப் புலம்புகிற மனுஷன் எப்படித்தான் விளையாடுகிறார் என்று அன்றைக்குத்தான் பார்க்கத் தோன்றியது. அவருடைய பதிவைத் திறந்தாள்.

ஐந்து மாதத்தில் இருநூற்றுப் பதினாலு ஆட்டம். அத்தனையிலும் முற்றுகை போட்டவர் அவர்தான். இரண்டே இரண்டில் ஏணியோடு போய்த் தோற்றிருந்தார். மற்ற எல்லாவற்றிலும் கல்லெறி எந்திரம், எல்லாவற்றிலும் வெற்றி. எதிரே கோட்டையைக் காத்தது ஒரே ஆள், அதுவும் தட்டுத்தடுமாறி ஆடுகிற ஆள். கதவு திறப்பதற்குள் மதில் விழுந்துவிடுகிறது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு அப்பாவியைப் பிடித்து வைத்துத் தினமும் நொறுக்குவதும் இவர்தான், நொறுக்குகிற எந்திரம் அநியாயம் என்று புகார் எழுதுவதும் இவர்தான்.

டீம் லீடரிடம் போய், இந்த ஆளை விளையாட்டிலிருந்தே தூக்கிவிடலாம் என்றாள். தூக்குவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றார் அவர்.

லிஃப்ட் மெக்கானிக் நாலாவது மணியில் ஃபோனை எடுத்தார். பின்னால் மோட்டார் சத்தம். வேலையில் இருக்கேன் மேடம், சுருக்கமாச் சொல்லுங்க என்றார். அவள் சுருக்கமாகவே கேட்டாள்.

"எந்திரம் அநியாயம்னு எழுதறீங்க. தினமும் அதை வெச்சே ஒருத்தரை அடிக்கறீங்க. உங்களுக்கே இது நல்லாயிருக்கா சார்?"

மோட்டார் நின்றது.

"அது என் வீட்டுக்காரிங்க."

ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுகிறார்களாம். இவருக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததே அந்த அம்மாதான். அவர் கோட்டைக்குள் இருந்தால் இவர் மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஐந்து மாதத்துக்கு முன்பு அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. இடது கையால்தான் ஆடுகிறார்.

அப்படியானால் அந்த எந்திரத்தை எடுக்காமலே ஆடலாமே என்றாள் அவள்.

"ஆடிப் பார்த்தேனே. ரெண்டு தடவை ஏணியோட போய்த் தோத்தேன். ரெண்டாவது தடவை கண்டுபிடிச்சிட்டா. பாவம் பார்த்து ஆடறதா இருந்தா என்கூட உட்காராதீங்கன்னு மூணு நாள் முகம் குடுத்துப் பேசல. நான் குறைச்சா தெரிஞ்சிடும் மேடம். நீங்க குறைச்சா அது ஆட்டத்தோட சட்டம்."

முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். சொன்னால் எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஏதாவது பண்ணிக் குடுத்துடுவீங்க, அதுவும் அவளுக்குத் தெரிஞ்சுபோகும் என்றார். மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவள் மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினாள். தானே எண் வைத்த கதவு, தானே எண் வைத்த குதிரைகள். மதில் விழுந்தது. பன்னிரண்டு ஆட்டம் ஆடினாள், பன்னிரண்டிலும் விழுந்தது. அந்த லட்சம் ஆட்டங்களைத் திரும்பத் தோண்டினாள். மெதுவாக ஆடுகிறவர்கள் ஏழெட்டு ஆட்டம் தோற்றுவிட்டு, விளையாட்டையே விட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் அவள் சமம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீம் லீடரோடு நாலு நாள் மல்லுக்கட்டி, நாற்பது விநாடியை எழுபத்தைந்து ஆக்கினாள், எல்லாருக்கும்.

புகார் மழையாகக் கொட்டியது. லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, இதுவரை புகாரே எழுதாத ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அம்மா.

"கல்லெறி எந்திரத்துக்கு இப்போது பலமே இல்லை. என் வீட்டுக்காரர் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றுவிட்டார், பார்க்கவே பாவமாக இருக்கிறது. நானாக விட்டுக்கொடுத்தால் நொந்துபோவார். தயவுசெய்து கொஞ்சம் கூட்டவும். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்."