மகாராணி நடை

திரையில் பசு நொண்டியது. குளம்பைத் தூக்கிப் பார்த்த டாக்டரோ, காலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் சொன்னால் சொல்லட்டும், கணினி பொய் சொல்லுமா என்பது பண்ணை மேனேஜர் கட்சி. நொண்டும் மாடு வெள்ளிக்கிழமை கசாப்பு லாரியில் ஏறும்.

கேமரா வைத்து மாடுகளின் கால் அசைவை ஆராய வந்த பல்கலைக்கழக மாணவி, படத்தை மறுபடி ஓட்டினாள்.

ஆளில்லாத நடைபாதையில் பசு தனியாக வந்தது. ஓர் அடி வைத்தது. நின்றது. பக்கத்திலிருந்த வெற்றிடத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகுதான் அடுத்த அடி.

அவள் முடிவுகட்டிவிட்டாள். யாரோ அடித்துப் பயமுறுத்தியிருக்கிறார்கள். வேறு யார், கறவைக்காரர்தான்.

கொட்டகைக்கே போய்க் கேட்டாள். "வாயில்லா ஜீவனை அடிக்க எப்படிண்ணே மனசு வருது?"

அவர் முக்காலியைவிட்டு எழவில்லை. "அது மகாராணிம்மா. நடை அப்படித்தான்."

விடுவாளா? மேனேஜரையே அழைத்து வந்துவிட்டாள். அவரோ லாரிப் பட்டியலை எடுத்தார். ஒரு மாட்டுக்கு இவ்வளவு பஞ்சாயத்தா, ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்றார்.

கறவைக்காரர் முதன்முறையாக எழுந்து நின்றார்.

"அதை ஏத்தாதீங்க சார். நொண்டுறது அது இல்ல. நான்."

மாட்டைக் காப்பாற்றக் கதை விடாதே என்றார் மேனேஜர்.

அவளுக்குப் பொறி தட்டியது. மாட்டின் கால் மட்டும் தெரிவதற்காக, குறுக்கே வரும் ஆட்களைக் கணினி படத்திலிருந்து அழித்துவிடும். ஓடிப்போய் அந்த வசதியை அணைத்தாள்.

வெற்றிடத்தில் கறவைக்காரர் தோன்றினார். மடங்காத முழங்காலை இழுத்து இழுத்து வந்தார். அவருடைய ஒவ்வோர் அடிக்கும் மகாராணி நின்று காத்திருந்தது.

படத்தைக் காட்டி அரை மணி நேரம் வாதாடினாள். மேனேஜர் தலையாட்டினார். பட்டியலில் மகாராணியின் பெயரை அடித்தார்.

"அந்தப் படம் எனக்கும் ஒரு காப்பி குடும்மா" என்று மேனேஜர் வாங்கிக்கொண்டார். ஜெயித்த சந்தோஷத்தில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முக்காலியில் புது ஆள்.

திரையில் மகாராணி தனியாக வந்தது. ஓர் அடி வைத்தது. நின்றது. வெற்றிடத்தைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது.

அவள் பதறிப்போய்ச் சரிபார்த்தாள். அந்த வசதி அணைந்தேதான் இருந்தது.

இந்தத் தடவை ஆளை அழித்தது கணினி இல்லை.